கட்டுத்தரை விளக்கு ஏன் எரியல?

போன கத்திரியில் ஒரு ராத்திரி, எட்டு மணி இருக்கும். சினை மாடு ஒண்ணு நாள் நெருங்கி நின்னுச்சு. அதைப் பார்க்க அம்மா கட்டுத்தரைக்குப் போனாங்க. மாடு கட்டுற இடத்துக்கு எங்க கொங்குப் பக்கம் கட்டுத்தரைன்னு பேரு. பின்வாசலில் இருந்து இருபது தப்படிதான். ஆள் நடந்தால் தானாக எரியும் சென்சார் விளக்கு ஒன்றை அங்கே முந்தைய கார்த்திகையில் மாட்டினது நான்தான். "இனி டார்ச் எதுக்கும்மா, நீ நடந்தா அதுவே எரியும்" என்று சொன்னதும் நான்தான்.

அன்னைக்கு அது எரியல. அம்மா முக்கால் தூரம் போனதும் மாடு புஸ்ஸுன்னு சீறிக்கிட்டு கயித்தைப் பின்னால இழுத்திருக்கு. அம்மா அப்படியே நின்னுட்டு என்னைக் கூப்பிட்டாங்க. டார்ச்சோட ஓடிப்போய்ப் பார்த்தால், தண்ணித் தொட்டி ஓரத்தில், அம்மா காலுக்கு இரண்டடி தள்ளி ஒரு கண்ணாடி விரியன் சுருண்டு கிடக்குது.

யாருக்கும் ஒண்ணும் ஆகலைங்க. மூணாம் நாள் மாடு கிடேரிக் கன்னு போட்டுச்சு. ஆனா அந்த இரண்டடி என் தலையை விட்டுப் போகல. காலையில் எலெக்ட்ரீசியனைக் கூப்பிட்டேன். விளக்கு அடியில் இருந்த திருகைச் சூரியன் படம் பக்கம் திருப்பிவிட்டு, குறுக்கே நடந்து பார்த்தார். பளிச்சென்று எரிஞ்சுது. "நல்லாத்தானுங்க இருக்குது" என்று போய்விட்டார். சாயங்காலம் மறுபடி எரியல. வேறொன்று வாங்கி அதே இடத்தில் மாட்டினேன். அதுவும் அப்படியே. ஆடி மாசம் காத்து அடிக்க ஆரம்பிச்சதும் கதை தலைகீழாச்சு. யாருமே இல்லாதப்ப ராத்திரி எரிஞ்சு எரிஞ்சு அணைஞ்சுது. மார்கழியில் எந்தக் குறையும் இல்லாம வேலை செஞ்சுது. மாசத்துக்கு மாசம் குணம் மாறுகிற விளக்கைப் பழுதான விளக்குன்னு சொல்ல முடியுமா? இது எதைப் பார்த்து எரியுதுன்னே எனக்குத் தெரியலைங்கறது அப்பத்தான் புரிஞ்சுது. தேடிப் படிக்கப் போனவன் முந்நூறு வருஷம் பின்னாடி போய் நின்னேன்.

எங்க வீட்டு விளக்குக் கதையை முதலில் சொல்லிடறேன். அப்பாரு காலத்தில் கட்டுத்தரையில் அரிக்கேன் விளக்குதான். 1932இல் நீலகிரிப் பைகாராவில் நீர்மின் நிலையம் வந்து, கோயம்புத்தூர்ப் பஞ்சாலைகளுக்கு மின்சாரம் போச்சு. தோட்டங்களுக்கு அது மெதுவாத்தான் வந்துச்சு, வந்தப்பவும் கிணத்துக்குத்தான் முதலில் வந்துச்சு. "கெணத்துக்குக் கரண்டு வந்துருச்சு, அடுப்படிக்கு வரல" என்று ஆத்தா கடைசிவரை சொல்லிக்கிட்டிருக்கும். அப்புறம் மோட்டார் ரூமில் ஒரு 40 வாட் குண்டு பல்பு, வீட்டில் டியூப் லைட், பிறகு எல்.இ.டி. இத்தனை விளக்கிலும் ஒரு பொது விஷயம் உண்டு. எப்ப எரியணும்னு முடிவு பண்றது மனுஷன் கை. சென்சார் விளக்கில் அந்த முடிவை ஒரு சின்னத் தகடு எடுக்குது. அந்தத் தகட்டோட பூர்வீகம் இலங்கை.

இலங்கையில் இருந்து போன கல்

இலங்கைக் கடற்கரைப் பகுதிகள் டச்சுக்காரர்கள் கையில் இருந்த காலம். 1703 வாக்கில் அவர்கள் இங்கிருந்து ஹாலந்துக்குக் கொண்டுபோன ரத்தினக் கற்களில் ஒரு வகைக்கு விசித்திரமான குணம் இருந்துச்சு. சூடு பண்ணினால் பக்கத்தில் கிடக்கும் சாம்பலை இழுக்கும், சிலசமயம் தள்ளியும் விடும். புகைக்குழாயில் இருந்து சாம்பல் எடுக்கவே டச்சுக்காரர்கள் அதை வைத்திருந்தார்கள். பெயரும் அதற்கேற்ற மாதிரி 'சாம்பல் இழுப்பான்'. தோரமல்லி என்ற சிங்களச் சொல்லில் இருந்து அந்தக் கல்லுக்கு டூர்மலின் என்று பெயர் வந்தது. நகைக்கடையில் இன்றைக்கும் அதே பெயர்தான்.

1747இல் லின்னேயஸ் அதை 'மின்கல்' என்று குறிப்பிட்டார். செடிகொடிகளுக்கு லத்தீன் பெயர் வைத்தாரே, அதே லின்னேயஸ்தான். 1756இல் ஏபினஸ் என்ற ஜெர்மானியர், சூடு ஏறும்போது கல்லின் ஒரு முனையில் நேர் மின்னும் மறு முனையில் எதிர் மின்னும் சேர்கிறது என்று காட்டினார். 1824இல் ஸ்காட்லாந்தின் டேவிட் ப்ரூஸ்டர் இந்தக் குணத்துக்குப் பைரோஎலெக்ட்ரிசிட்டி என்று பெயர் வைத்தார். வெப்பமின்னு வெச்சுக்கலாம்.

இதில் கவனிக்க வேண்டிய இடம் ஒண்ணு இருக்குதுங்க. கல் சூடாக இருந்தால் மட்டும் மின்சாரம் வராது. சூடு மாறணும். ஏறணும், இல்லாட்டி இறங்கணும். சாம்பலை இழுத்ததெல்லாம் சூடு மாறிக்கிட்டிருந்த அந்தக் கொஞ்ச நேரத்தில்தான்.

இரண்டாவது சேதி இங்கிலாந்தில் இருந்து. 1800இல் வில்லியம் ஹெர்ஷல் சூரிய ஒளியை முப்பட்டகத்தில் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தார். யுரேனஸ் கிரகத்தைக் கண்டுபிடித்தவரும் இவரே. சிவப்பைத் தாண்டி, கண்ணுக்கு எதுவுமே தெரியாத இடத்தில் வைத்த தெர்மாமீட்டர்தான் அதிகம் ஏறியது. அகச்சிவப்புக் கதிர் தெரியவந்தது இப்படித்தான். சூடான எந்தப் பொருளும் இதை வீசும். மனுஷ உடம்பு வீசுகிற கதிரின் அலைநீளம் சுமார் 10 மைக்ரான். அதாவது ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு.

இந்த இரண்டையும் சேர்த்ததுதான் நம்ம வாசல் விளக்கில் இருக்கிற பி.ஐ.ஆர். சென்சார். டூர்மலினுக்குப் பதிலாக இப்ப பீங்கான் மாதிரி ஒரு பொருளோ லித்தியம் டான்டலேட் படிகமோ இருக்கும். அதுக்குள்ள ஒண்ணுக்கொண்ணு எதிராக இணைத்த இரண்டு சின்னத் தகடுகள். ஊரே மொத்தமாகச் சூடேறினால் இரண்டும் சமமாகச் சூடேறி ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும், விளக்கு எரியாது. ஆள் குறுக்கே நடந்தால் முதலில் ஒரு தகட்டில் சூடு விழும், அப்புறம் மற்றதில். அந்த ஏற்ற இறக்கத்தைத்தான் அது 'ஆள் வந்துட்டாங்க'ன்னு எடுத்துக்குது.

இதைப் படிச்சதும் கட்டுத்தரையில் நான் செய்த இரண்டு தப்பு தெரிஞ்சுது.

முதல் தப்பு, மாட்டின இடம். பின்வாசலை நேருக்கு நேர் பார்த்த மாதிரி கட்டுத்தரைச் சுவரில் மாட்டியிருந்தேன். அம்மா வருகிற பாதை நேராக விளக்கை நோக்கியே வருது. எலெக்ட்ரீசியன் குறுக்கே நடந்தார், எரிஞ்சுது. அம்மா நேரே வந்தாங்க. நேரே வரும்போது இரண்டு தகட்டிலும் ஏற்ற இறக்கம் ரொம்பக் குறைவு, கிட்ட வந்த பிறகுதான் தெரியும்.

இரண்டாவது தப்பு, கத்திரியை மறந்தது. சென்சார் பார்க்கிறது உடம்புச் சூட்டை அல்ல, உடம்புக்கும் பின்னால் இருக்கிற தரை, சுவருக்கும் உள்ள வித்தியாசத்தை. நம்ம தோலின் மேல்சூடு 33, 34 டிகிரிதான் இருக்கும். மார்கழி ராத்திரி தரை 20 டிகிரிக்குக் கிட்ட இருக்கும்போது ஆள் அதுக்குப் பந்தம் மாதிரி தெரிவார். பகலில் 40 டிகிரி காய்ஞ்ச சிமெண்ட் தரை ராத்திரி எட்டு மணிக்கும் 34, 35இல்தான் நிற்கும். அப்ப ஆளும் தரையும் அதுக்கு ஒண்ணுதான். அதைப் பொறுத்தவரை அன்னைக்கு அங்கே யாரும் வரவே இல்லை.

எலெக்ட்ரீசியன் பார்த்தது காலை ஏழு மணிக்கு, தரை குளிர்ந்து கிடந்த நேரத்தில். அவர் மேலயும் குத்தம் இல்லை.

கலங்கரை விளக்கத்துக் கண்ணாடி

சென்சாருக்கு முன்னால் பால் நிறத்தில் அரை உருண்டை மூடி ஒண்ணு இருக்கும். வெறும் பிளாஸ்டிக் மூடின்னுதான் நானும் நினைச்சிருந்தேன். விரலால் தடவிப் பாருங்க, உள்பக்கமோ வெளிப்பக்கமோ வரி வரியாக இருக்கும். அது ஃபிரெனல் லென்ஸ்.

அகஸ்டின் ஃபிரெனல் பிரான்சு நாட்டுப் பொறியாளர். கலங்கரை விளக்கத்தின் வெளிச்சத்தை ரொம்ப தூரம் அனுப்பணும்னால் பெரிய லென்ஸ் வேணும். அதை அப்படியே வார்த்தால் கனம் தாங்காது, கண்ணாடியே பாதி வெளிச்சத்தை விழுங்கிடும். அவர் நடுவில் இருக்கிற தடிமனை எடுத்துவிட்டு, வளைவை மட்டும் வளையம் வளையமாக அடுக்கினார். 1823இல் ஜிரோந்து ஆறு கடலில் கலக்கும் இடத்தில் இருக்கிற கோர்துவான் கலங்கரை விளக்கத்தில் அது ஏறியது. நாலே வருஷத்தில், 39 வயசில் ஃபிரெனல் இறந்துட்டார். அவரோட வளையக் கண்ணாடி உலகத்துக் கடற்கரை பூராவும் போச்சு.

கலங்கரை விளக்கத்தில் அது வெளிச்சத்தை வெளியே அனுப்புது. நம்ம வாசலில் வெளியே இருக்கிற சூட்டுக் கதிரை உள்ளே கூட்டி வருது. பால் மூடியில் பல குட்டி லென்ஸ்கள் இருக்கும். ஒவ்வொண்ணும் முற்றத்தில் ஒரு துண்டைப் பார்க்கும். விரல் விரித்த மாதிரி பார்க்கும் இடம், பார்க்காத இடம், மறுபடி பார்க்கும் இடம். நாம ஒரு விரலைக் கடந்து அடுத்ததுக்குப் போகும்போதுதான் தகட்டில் சூடு ஏறி இறங்கும்.

மூடி கண்ணாடியில் இல்லாமல் பாலித்தீனில் இருப்பதற்கும் காரணம் இருக்கு. 10 மைக்ரான் கதிர் ஜன்னல் கண்ணாடியைத் தாண்டாது. மழைக்குப் பாதுகாப்பாக இருக்கட்டும்னு சென்சாரைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தாலோ, வீட்டுக்குள் இருந்து ஜன்னல் வழியாக வாசலைப் பார்க்க வைத்தாலோ அது குருடுதான். டவுனில் இப்படி வைத்துவிட்டு விளக்கைத் திட்டுகிறவர்கள் உண்டு. பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது மூடியில் சுண்ணாம்பு தெறித்தாலும் பார்வை மங்கும். ஈரத் துணியால் மெதுவாகத் துடைச்சாப் போதும், தேய்த்து வரியைக் கெடுத்துவிட வேண்டாம். மூடி மேல் சிலந்தி நடமாடினால் அதுக்கு அது யானை மாதிரி தெரியலாம், விளக்கு சும்மா சும்மா எரியும். ஒட்டடைக் குச்சிதான் மருந்து.

உயரமும் இதில் சேர்த்தி. ஏழெட்டு அடி உயரத்துக்கு ஏத்த மாதிரிதான் பெரும்பாலும் அந்த விரல்களைச் சாய்த்து வைத்திருப்பார்கள். திருடன் கைக்கு எட்டக் கூடாதுன்னு நான் பன்னிரண்டு அடியில் மாட்டியிருந்தேன். பக்கத்தில் நடப்பது அதுக்குத் தெரியாது, தூரத்து முருங்கை நல்லாத் தெரியும். ஆடிக் காத்தில் யாருமில்லாமல் எரிஞ்ச ரகசியம் அதுதான். பகல் வெயில் வாங்கின ஓலைக் கூரையும் தார்ப்பாயும் இருட்டின பிறகும் கொஞ்ச நேரம் சூடாக இருக்கும். அதுக்கு முன்னால் குளுந்த முருங்கைக் கிளை ஆடினால் சூடு, குளிர், சூடு, குளிர். சென்சாருக்கு அது ஆள் நடமாட்டம். ஊரில் முருங்கை, வாழை. உங்க ஊரில் ஏ.சி.யின் வெளிப்பெட்டி ஊதுகிற சூட்டுக் காத்தும், தெருவில் போகிற கார் எஞ்சினும் அதே வேலையைச் செய்யும்.

கடலடிக் கம்பியில் கிடைத்த கண்

இந்த விளக்கில் இன்னொரு கண் இருக்கு. இருட்டா வெளிச்சமான்னு பார்க்கிற கண். பகலில் எரியாமல் இருப்பது இதால்தான்.

1873இல் வில்லோபி ஸ்மித் என்ற ஆங்கிலேயர் கடலடித் தந்திக் கம்பிகளைச் சோதிக்கும் வேலையில் இருந்தார். அந்தச் சோதனைக்கு மின்சாரத்தை நல்லாத் தடுக்கிற பொருள் வேணும்னு செலினியம் கம்பிகளை வைத்துப் பார்த்தார்கள். அளவு ஒரு நேரம் ஒண்ணு காட்டுச்சு, ஒரு நேரம் வேறொண்ணு. கடைசியில் பார்த்தால் வெளிச்சம் பட்டால் செலினியத்தின் தடை குறையுது. அவருக்கு அது தொந்தரவு, உலகத்துக்கு ஒளி உணரும் முதல் மின்கண். பின்னால் செலினியத்துக்குப் பதில் காட்மியம் சல்ஃபைடு வந்துச்சு. பட்டன் அளவு வட்டத்தில் பாம்பு வளைஞ்ச மாதிரி கோடு போட்டிருக்குமே, அதுதான் எல்.டி.ஆர்.

இந்தக் கண்ணால் வந்த பழுது எங்க பங்காளி வீட்டில் நடந்துச்சு. வாசல் விளக்கு எரியும், உடனே அணையும், மறுபடி எரியும். 'டக், டக்'னு சத்தம் வேற. வெள்ளிக்கிழமை ராத்திரி வேறயா, முனி வருதுன்னு பேச்சு கிளம்பிருச்சு. போய்ப் பார்த்தேன். எதிரே புதுசா வெள்ளையடிச்ச சுவர். விளக்கோட வெளிச்சம் அந்தச் சுவரில் பட்டு அதோட கண்ணிலேயே விழுது. விடிஞ்சுருச்சுன்னு அணையுது, அணைஞ்சதும் ராத்திரின்னு எரியுது. எல்லா மாடலும் இப்படிச் செய்யாது, சிலது செய்யும். விளக்குத் தலையைக் கொஞ்சம் கீழே திருப்பினதும் முனி போயிருச்சு.

அடியில் இருக்கும் மூன்று திருகுகளில் சூரியனும் நிலாவும் போட்டது இந்தக் கண்ணுக்கு. நிலாப் பக்கம் இருந்தால் நல்லா இருட்டின பிறகுதான் எரியும். தெருவிளக்கு வெளிச்சம் படுகிற வாசலில் நிலாப் பக்கமே வைத்தால் ராத்திரி முழுக்க எரியாமலே போகும். சோதித்துப் பார்க்க முதலில் சூரியன் பக்கம் திருப்பணும், சோதனை முடிஞ்சதும் திருப்பி வைக்க மறக்கக் கூடாது. நேரத் திருகைச் சோதனையின்போது குறைந்தபட்சத்தில் வையுங்க. கரண்ட் வந்த முதல் ஒரு நிமிஷம் சென்சார் நிதானத்துக்கு வராது, அந்த நேரத்தில் எரிவதை வைத்து எதுவும் முடிவு பண்ணாதீங்க.

பெட்டிக்குள்ளே

இடமும் உயரமும் சரியாக இருந்தும் தகராறு பண்ணினால்தான் பெட்டிக்குள் பார்க்கணும். பல விளக்குகளில் உள்ளே ரிலே ஒண்ணு இருக்கும். மின்காந்தம் இழுத்து சுவிட்ச் போடுகிற இந்தச் சாமான் 1830களில் தந்திக்காகப் பிறந்தது. எல்.இ.டி. விளக்கு எரியத் தொடங்கும் நொடியில் பாய்கிற மின்னோட்டத்தில் அதன் முனைகள் ஒட்டிக்கிட்டால் விளக்கு அணையவே அணையாது. ரிலே விடாமல் 'டக டக'ன்னு அடிச்சால் பெரும்பாலும் அதுக்கு மின்சாரம் குறைத்துத் தரும் மின்தேக்கி தேய்ந்திருக்கும். சின்னச் செவ்வகப் பெட்டி மாதிரி இருக்கும், விலை பத்திருபது ரூபாய்தான். ஆனா அந்தப் பலகை முழுக்க 230 வோல்ட் நேரடியாக ஓடுது, மெயினை அணைச்ச பிறகும் மின்தேக்கியில் மின்சாரம் தங்கலாம். தெரிஞ்சவங்க கையில் கொடுங்க.

அணைஞ்ச பிறகும் எல்.இ.டி. மினுக்கு மினுக்குன்னு மங்கலாக எரிஞ்சால் சுவிட்சைப் பேஸில் போடாமல் நியூட்ரலில் போட்டிருக்காங்களான்னு பாருங்க. பழைய வீடுகளில் இது சகஜம், ஆபத்தும்கூட. எங்களுக்கு இன்னொண்ணு இருந்துச்சு. கிணத்து மோட்டார் ஓட ஆரம்பிக்கிற நொடியில் வோல்டேஜ் இறங்கி, கட்டுத்தரை விளக்கு தானாக எரியும். அதுக்கு விளக்கை மாத்தி என்ன பிரயோஜனம்? மோட்டார் லைனையும் வீட்டு லைனையும் தனித்தனியாகப் பிரிச்சதும் சரியாச்சு.

இப்ப கட்டுத்தரையில்

சென்சாரைக் கட்டுத்தரைச் சுவரில் இருந்து கழட்டி, பாதையின் பக்கவாட்டில் இருக்கும் தூணில் எட்டடி உயரத்தில் மாட்டிட்டேன். இப்ப அம்மா அதுக்குக் குறுக்கே நடக்கறாங்க. முருங்கைக் கிளை இரண்டைக் கழிச்சேன். மூடியில் முருங்கைப் பக்கம் இருந்த கொஞ்ச இடத்தைக் கறுப்பு டேப் ஒட்டி மறைச்சேன்.

அதோட நிறுத்தியிருந்தால் நான் எதுவும் படிக்கலைன்னுதான் அர்த்தம். ஏன்னா அந்த விரியனை இந்தச் சென்சார் எந்த மாசத்திலும் பார்க்காது. பாம்புக்கு நம்ம மாதிரி சொந்தச் சூடு கிடையாது. அது கிடக்கிற தரை எத்தனை டிகிரியோ ஏறக்குறைய அதுவும் அத்தனை டிகிரி. அதனால் தண்ணித் தொட்டிக்கு மேல் 5 வாட் மஞ்சள் எல்.இ.டி. ஒன்றை ராத்திரி முழுக்க எரிய விட்டிருக்கேன். பன்னிரண்டு மணி நேரம் எரிஞ்சாலும் மாசம் இரண்டு யூனிட் ஆகாது. மஞ்சள் வெளிச்சத்துக்குப் பூச்சி கம்மியா வரும். பூச்சி கம்மியானா தவளை கம்மி, தவளை கம்மியானா பாம்பு கம்மி.

டார்ச் பின்வாசல் ஆணியில் மறுபடி தொங்குது. "வெளக்கு எரியறது அதும் பாடு, பாத்து நடக்கறது எம்பாடு" என்கிறாங்க அம்மா.

உங்க வீட்டில் சென்சார் விளக்கு இருந்தால், வரும் கத்திரியில் ஒரு நாள் ராத்திரி எட்டு மணிக்கு, வீட்டில் வயசானவங்க வழக்கமாக நடக்கிற பாதையில் அவங்க நடக்கிற வேகத்திலேயே நடந்து பாருங்க. மார்கழியில் பார்த்த சோதனையை நம்பாதீங்க. நான் நம்பினேன்.